கைக்குழந்தையை யார் பொறுப்பில் விடுவது? பகல்நேர ஆயா, வீட்டோடு தங்கும் ஆயா, காப்பகம், பாட்டி: ஓர் ஒப்பீடு

பேறுகால விடுப்பு முடிய இரண்டொரு மாதம் இருக்கையில் இளம் பெற்றோர் பலர் கேட்டு எழுதுவது, "நம்பிக்கையான ஆயா யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்பதுதான். ஆளைத் தேடத் தொடங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆயாவை வைத்துக்கொள்வதா, வைத்தால் பகலில் மட்டும் வந்து போகிறவரா வீட்டோடு தங்குகிறவரா, காப்பகத்தில் விடுவதா, ஊரிலிருந்து பாட்டியை அழைத்துக்கொள்வதா என்ற நான்கில் எது தங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று பாராமல், முதலில் கிடைத்தவரை அமர்த்தி, அவர் மூன்றாம் மாதம் நின்றுவிட, அடுத்தவரும் சரிப்படாமல், கடைசியில் தாய் வேலையை விட்ட வீடுகளை நான் அறிவேன். சென்னையையும் தமிழ்நாட்டின் மற்றப் பெருநகரங்களையும் மனத்தில் வைத்து, ஒரு வயது நிறையாத குழந்தைக்காக மட்டும் இதை எழுதுகிறேன். இரண்டு வயதுக் குழந்தைக்கு இதே ஒப்பீட்டைச் செய்தால் விடை வேறாக வரும்.

## முதலில் குழந்தையின் வயதைக் கணக்கிடுங்கள்

2017-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அந்த 8 வாரத்தையும் முன்னதாகவே எடுத்தவர் வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு 18 வாரம்தான், அதாவது நான்கு மாதம் முடிந்து சில நாட்களே ஆகியிருக்கும். கழுத்து அப்போதுதான் நின்றிருக்கும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று மருத்துவர்கள் சொல்லும் காலமும் முடிந்திருக்காது. பிரசவம் நெருங்கும்வரை வேலைக்குச் சென்றவருக்கோ குழந்தை ஏறக்குறைய ஆறு மாதத்தைத் தொட்டிருக்கும். கஞ்சியும் கூழும் மசித்த பழமும் தொடங்கும் நேரம் அது. மூன்றாவது குழந்தை என்றால் விடுப்பு 12 வாரம்தான். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு கிடைப்பதால், அவர்கள் திரும்பும்போது குழந்தை நடை பழகத் தொடங்கியிருக்கலாம்.

நான்கு மாதக் குழந்தைக்கும் பதினொரு மாதக் குழந்தைக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது. ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டக் காப்பகங்கள் ஆறு மாதம் முடிந்த குழந்தைகளைத்தான் சேர்க்கின்றன. தனியார் காப்பகங்கள் பலவும் அதற்கும் கூடுதலான வயதையே எதிர்பார்க்கின்றன. ஆகவே மற்றவர் சொல்லும் அனுபவத்தைக் கேட்கும்போது, அவர்கள் குழந்தையை விட்டபோது அதற்கு எத்தனை மாதம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## எவற்றைக் கொண்டு எடை போடுவது

சம்பளத்தைத்தான் பெரும்பாலானோர் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது, குழந்தையைக் கவனிப்பவரைத் தவிர வேறொரு பெரியவரின் பார்வை குழந்தைமேல் படுகிறதா என்பது. பேசத் தெரிந்த குழந்தை, "ஆயா அடிச்சாங்க" என்றோ "சாப்பாடு குடுக்கல" என்றோ சொல்லிவிடும். கைக்குழந்தையால் எதுவும் சொல்ல முடியாது. நல்லவர், கெட்டவர் என்று ஆளை அளப்பதோடு இது முடிவதில்லை. எவ்வளவு நல்லவராக இருந்தாலும், விடாமல் அழும் குழந்தையோடு பத்து மணி நேரம் தனியாக அடைபட்டிருப்பவர் களைத்துப்போவார். களைப்பில் பொறுமை இழந்து குழந்தையை உலுக்கிவிட்டால், அந்த ஒரு கணத்திலேயே மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படலாம். "கொஞ்சம் பிடியுங்கள்" என்று கைமாற்றிக் கொடுக்க அருகில் ஒருவர் இருப்பது குழந்தைக்கும் ஆயாவுக்கும் ஒருசேரப் பாதுகாப்பு.

இரண்டாவது, ஆள் வராத நாளில் என்ன நடக்கும் என்பது. எந்த ஏற்பாட்டிலும் இந்த நாள் வரும். ஆயாவின் மகளுக்குக் காய்ச்சல் வரும். காப்பகம் பண்டிகைக்கு மூடும். பாட்டிக்கு முட்டிவலி எடுக்கும். மழை வெள்ளத்தில் பேருந்து நிற்கும். அந்த நாளுக்கு மாற்று எது என்று எழுதி வைக்காத குடும்பத்தில் அதன் பாரம் முழுவதும் தாயின் தலையில் விழுவதையே பார்த்து வருகிறேன்.

மூன்றாவது தாய்ப்பால், நான்காவது நோய்த்தொற்று, ஐந்தாவது ஒருவர் பொறுப்பில் எத்தனை குழந்தைகள் என்ற கணக்கு. இவற்றுக்குப் பிறகே செலவு. செலவையும் சம்பளத் தொகையாகப் பார்க்காமல், பெற்றோர் எடுக்க நேரும் விடுப்புகளையும் சேர்த்து ஆண்டுக் கணக்காகப் பார்க்க வேண்டும்.

## பகலில் வந்து போகும் ஆயா

நான்கில் அதிகம் விசாரிக்கப்படுவது இதுதான். விரிவாகச் சொல்ல வேண்டியதும் இதைப் பற்றியே.

நல்ல ஆயா கிடைக்கும் இடம் பெரும்பாலும் விளம்பரம் அன்று. ஒரு வீட்டில் குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அங்கே இருந்த ஆயாவுக்கு வேலை இல்லாமல் போகும். அந்த வீட்டாரே மனமுவந்து வேறு வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிறார் என்றால் அதைவிட நல்ல பரிந்துரை கிடையாது. ஆகவே உங்கள் தெருவில், அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்று வயதை நெருங்கும் குழந்தைகள் இருக்கும் வீடுகளில் சொல்லி வையுங்கள். குழந்தை மருத்துவரின் கிளினிக்கில் இருக்கும் செவிலியர், பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட வரும் பாட்டி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பக்கத்துக் காப்பகத்தில் வேலை பார்த்து நின்றவர் ஆகியோர் வழியாகவும் ஆள் கிடைப்பார். வீடு நடந்து வரும் தூரத்தில் இருப்பது பெரிய அனுகூலம். இரண்டு பேருந்து மாறி வருபவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் மழைக்காலத்தில் தடுமாறுவார்.

நேரில் பார்க்கும்போது, "குழந்தை பார்ப்பீர்களா?" என்று கேட்டால் "பார்ப்பேன்மா, எனக்கும் ரெண்டு இருக்கு" என்ற பதில்தான் வரும். அதனால் ஒன்றும் தெரியாது. சூழலைச் சொல்லிக் கேளுங்கள். "பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே புரை ஏறினால் என்ன செய்வீர்கள்?" "அரைமணி நேரம் விடாமல் அழுதால்?" "உடம்பு சுடுகிற மாதிரி இருந்தால் முதலில் யாருக்குச் சொல்வீர்கள்?" இந்தக் கேள்விகளுக்கு, "உங்களுக்கு உடனே போன் பண்ணுவேன்" என்று சொல்பவர், தாமாகவே மருந்து கொடுத்துச் சமாளிப்பதாகப் பெருமையோடு சொல்பவரைவிட நம்பத்தக்கவர். தூங்க வைப்பதற்காக இருமல் சிரப்பு கொடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடாது என்று ஒன்றிய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவுவதும் கூடாது. இவ்விரண்டையும் அமர்த்தும் முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

பேச்சைவிடக் கையைப் பாருங்கள். ஒரு நாள் சம்பளம் கொடுத்து முழு நாள் வரச்சொல்லி, அருகில் இருந்து கவனியுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேரே குழந்தையை நோக்கிக் கை நீட்டுகிறாரா, குழாயடிக்குப் போய் வளையலை மேலே தள்ளிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருகிறாரா? தூக்கும்போது ஒரு கை தலைக்கும் கழுத்துக்கும் கீழே போகிறதா? பாலாடையில் பால் புகட்டச் சொல்லுங்கள். அனுபவமுள்ளவர் குழந்தையை மடியில் சற்றே நிமிர்த்தி, பாலாடையின் நுனியை உதட்டோரத்தில் வைத்து, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்துவிட்டே அடுத்ததைச் சாய்ப்பார். அனுபவமற்றவர் மல்லாக்கப் படுக்கவைத்து மடமடவென்று ஊற்றுவார். புட்டிப் பால் மாவு கொடுக்கும் வீடாக இருந்தால் கரைக்கவும் சொல்லுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, டப்பாவில் உள்ள கரண்டியால் மாவைக் குவிக்காமல் மட்டமாக அள்ளிப் போட வேண்டும். மாவு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று சிக்கனமாக ஒரு கரண்டி குறைத்துக் கரைக்கும் நல்லெண்ணக்காரர்களால் குழந்தையின் எடை ஏறாமல் போகும்; காரணம் வீட்டில் யாருக்கும் புலப்படாது.

தாய்ப்பாலைப் பிழிந்து வைத்துவிட்டுச் செல்பவர்கள் ஆயாவுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத்தர வேண்டும். பிழிந்த பால் 25 டிகிரி அறை வெப்பத்தில்தான் 4 மணி நேரம் தாங்கும். சென்னைச் சமையலறை ஆண்டின் பெரும்பகுதி அதைவிடச் சூடாக இருப்பதால், பாலை உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அங்கே 4 நாள் வரை இருக்கும். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர் உள்ள கிண்ணத்துக்குள் வைத்துச் சூடாக்கினால் போதும். குழந்தை வாய் வைத்து மிச்சம் விட்ட பாலை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைத்திருந்து மறுபடி கொடுக்கக் கூடாது.

உடல்நலத்தைக் கேட்கத் தயங்காதீர்கள். காசநோய் பரவலாக உள்ள நாட்டில், நாள் முழுவதும் குழந்தையை மார்போடு அணைத்திருக்கப்போகிறவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம். பிறந்தவுடன் போடும் பிசிஜி தடுப்பூசி குழந்தையை எல்லா வகைக் காசநோயிலிருந்தும் காப்பாற்றிவிடாது. பரிசோதனைச் செலவை நீங்கள் ஏற்று, "எங்களுக்கும் சேர்த்துத்தான் எடுக்கிறோம்" என்று சொல்லி வீட்டாரும் எடுத்துக்கொண்டால் அவர் மனம் புண்படாது. இரண்டு வாரத்துக்குமேல் இருமல் நீடித்தால் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அங்கே பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். சம்பளம் பிடிக்கப்படும் என்ற பயம் இருந்தால் அவர் இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார். அடையாள அட்டையின் நகலை வாங்கிக்கொண்டு, தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அது வழக்குகள் இருக்கின்றனவா என்பதை மட்டுமே காட்டும். முந்தைய வீட்டாரிடம் நேரில் பேசுவதற்கு அது ஈடாகாது. அந்த வீட்டாரிடம், "எப்படிப் பார்த்துக்கொண்டார்?" என்பதைவிட, "ஏன் நின்றார்?", "மாதத்தில் எத்தனை நாள் வரமாட்டார்?" என்று கேட்பதே பயன் தரும்.

இனி மறைந்திருக்கும் செலவு. உங்கள் பகுதியில் மாதச் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,16,000. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்றால் 18,000. காலை டிபன், மதியச் சாப்பாடு, காபி எல்லாம் சேர்த்து நாளுக்கு 100 ரூபாய் வீதம் மாதம் 26 நாளுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 31,200. அவர் வராத நாட்களுக்காகப் பெற்றோரில் ஒருவர் மாதம் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுக்க, ஒரு நாளுக்கு 2,000 ரூபாய் இழப்பு என்றால் 48,000. மொத்தம் 3,13,200, மாதத்துக்கு 26,100. கையில் கொடுக்கும் சம்பளத்தை மட்டும் வைத்துக் காப்பகக் கட்டணத்தோடு ஒப்பிடுபவர்கள் இந்த எட்டாயிரத்தைக் காணத் தவறுகிறார்கள்.

இந்தச் செலவைக் குறைப்பதற்காக ஆயாவின் வார விடுமுறையில் கை வைப்பதோ, சமையல், துணி துவைத்தல், பாத்திரம் எல்லாவற்றையும் அவர்மேல் ஏற்றுவதோ தவறு. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அறமாகவும் தவறு, குழந்தைக்கும் ஆபத்து. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது தரையில் தவழும் குழந்தையை அவரால் எப்படிப் பார்க்க முடியும்? குழந்தையின் துணி, குழந்தையின் பாத்திரம், குழந்தையின் உணவு என்று வேலையை வரையறுத்து எழுதிக்கொடுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்துகொள்ள நீங்களே உதவலாம். வேலைக்கான மரியாதை கிடைக்கும் வீட்டில் ஆயா நிலைத்திருப்பார். ஆள் மாறாமல் இருப்பது குழந்தைக்குத்தான் நன்மை.

இந்த ஏற்பாடு மிகச் சிறப்பாக நடப்பது, பெற்றோரில் ஒருவர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வீட்டிலும், ஓடியாடித் தூக்க முடியாவிட்டாலும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கப் பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டிலும்தான். கண்காணிப்புக் கேமரா அந்தப் பெரியவருக்கு மாற்றாகாது. நடந்து முடிந்ததைத்தான் அது காட்டும். வைப்பதானால் ஆயாவிடம் சொல்லிவிட்டு, அவர் உடை மாற்றும் இடத்தைத் தவிர்த்து வையுங்கள்.

## ஏஜென்சி வழியாக வீட்டோடு தங்கும் ஆயா

வேலை நேரம் ஒழுங்கில்லாத பெற்றோருக்கு இது எளிதான தீர்வாகத் தோன்றும். காலை ஏழுக்கே கிளம்பும் மருத்துவர், இரவுப் பணி உள்ள மென்பொருள் ஊழியர், இரட்டைக் குழந்தை பெற்றவர்கள் ஆகியோருக்கு வேறு வழி இல்லாமலும் போகலாம். பேருந்து நின்றாலும் மழை பெய்தாலும் ஆள் வீட்டிலேயே இருப்பார் என்பது உண்மையான பலம்.

ஆனால் மறைந்த செலவு இதில்தான் அதிகம். பதிவுக் கட்டணம், ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் கமிஷன், ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடி கமிஷன், முன்பணம், ஊருக்குப் போய்வரும் ரயில் செலவு என்று போகும். "ஆள் நின்றால் வேறு ஆள் தருவோம்" என்ற வாக்குறுதியைப் படித்துப் பாருங்கள்: எத்தனை நாளுக்குள், எத்தனை முறை, அதற்குள் ஒருவரும் கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா? கைக்குழந்தையைப் பொறுத்தவரை ஆள் மாறுவதே ஒரு நஷ்டம் என்பதால், மாற்றி மாற்றி ஆள் அனுப்புவதைச் சேவையாகச் சொல்லும் ஏஜென்சியை நான் விரும்புவதில்லை. சம்பளம் யார் கைக்குப் போகிறது என்பதையும் கேளுங்கள். ஏஜென்சி வாங்கிப் பாதியைப் பிடித்துக்கொண்டு கொடுக்கும் ஏற்பாட்டில் இருப்பவர் மனநிறைவோடு வேலை செய்ய மாட்டார். பணத்தை அவருடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்துவேன் என்று சொல்லிப் பாருங்கள், மறுக்கும் இடத்தைத் தவிர்த்துவிடலாம்.

வயதைக் கட்டாயம் சரிபாருங்கள். வீட்டு வேலையில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அமர்த்துவது 2006 அக்டோபர் முதலே தடை செய்யப்பட்டிருக்கிறது. பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணைப் "பதினெட்டு முடிந்துவிட்டது" என்று அனுப்பி வைத்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவள் படிக்க வேண்டிய வயதில் இருப்பவள். ஒரு சிசுவின் உயிருக்குப் பொறுப்பேற்கும் வயது அதுவன்று.

ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருபவர்களில் அருமையாகக் குழந்தை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் தமிழ் தெரியாதவராக இருந்தால், பக்கத்து வீட்டாரிடமும் 108-இலும் பேசி வீட்டு முகவரியைச் சொல்ல அவருக்குத் தெரிகிறதா என்று சோதித்து, முகவரியை ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டி வையுங்கள்.

தங்குபவர் என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் வேலை செய்பவர் என்று பொருள் கொள்ளும் வீடுகள்தாம் இந்த ஏற்பாட்டைக் கெடுக்கின்றன. இரவு மூன்று முறை எழுந்தவரால் மறுநாள் பகலில் விழிப்பாக இருக்க முடியாது. இரவுப் பொறுப்பு பெற்றோருடையது, பகல் பொறுப்பு அவருடையது என்று பிரித்து, தனி அறையோ தாழிடக்கூடிய இடமோ கொடுத்து, வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுங்கள். உங்கள் வீடு அவருடைய பணியிடம்; பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அவரையும் காக்கிறது என்பதை வீட்டில் உள்ள ஆண்கள் அறிந்திருக்க வேண்டும். குழந்தை அவருடைய படுக்கையில் அவரோடு உறங்கக் கூடாது. சமதளமான, கெட்டியான தனிப் படுக்கையில் மல்லாந்து உறங்க வேண்டும். பகலில் தூளியில் போடுபவர், கழுத்து மடங்கி மோவாய் மார்பில் அழுந்தாமல் அடிக்கடி பார்க்க வேண்டும்.

வீட்டில் வேறு பெரியவர் எவரும் இல்லாத நிலையில், புதிதாக வந்த ஒருவரிடம் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையை நாள் முழுவதும் தனியாக விடுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

## காப்பகம்

காப்பகத்தின் பெரிய நன்மை, அங்கே பல கண்கள் இருப்பது. ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் இருப்பார். குறை, அந்தக் கண்கள் பல குழந்தைகளுக்குப் பங்கிடப்படுவது. 2018-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டுதல், மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்கிறது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு அது போதாது. மூன்று சிசுக்களுக்கு ஒருவர் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் சொல்லும் கணக்கு. காப்பகத்தைப் பார்க்கப் போகும்போது சுவரில் வரைந்த பொம்மைகளைப் பார்க்காதீர்கள். கைக்குழந்தைகள் படுத்திருக்கும் அறைக்குப் போய், "தீப்பிடித்தால் இந்தப் பிள்ளைகளை யார் யார் தூக்கிக்கொண்டு வெளியேறுவார்கள்?" என்று கேளுங்கள். உடனடியாகப் பதில் சொல்ல முடிந்தால் அவர்கள் அதை யோசித்திருக்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு, சொல்லாமல் இன்னொரு முறை போங்கள். பெற்றோரை எந்நேரமும் உள்ளே விடாத காப்பகத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

நோய்த்தொற்றுதான் இதில் மறைந்த செலவு. கூட்டமாக வளரும் குழந்தைக்கு முதல் ஆண்டில் சளியும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் அடிக்கடி வரும். காய்ச்சல் உள்ள குழந்தையைக் காப்பகம் ஏற்காது, ஏற்கவும் கூடாது. அந்த நாட்களில் கட்டணமும் போகும், உங்கள் விடுப்பும் போகும். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளை முடிக்காமல் சேர்க்கவே வேண்டாம். தாமதமாக அழைத்துச் சென்றால் மணிக்கு இவ்வளவு என்ற கூடுதல் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அலுவலகக் காப்பகம் மட்டும் தனி ரகம். 50 பேரோ அதற்குமேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும் என்பதும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கு சென்று வரலாம் என்பதும் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த உரிமை. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இது உண்டு. நான்கு மாதக் குழந்தைக்கு நேரடியாகப் பால் கொடுத்துக்கொண்டே அலுவலகம் சென்று வேலை செய்ய முடிவது இந்த ஒரு ஏற்பாட்டில்தான். அலுவலகத்தில் இல்லையென்றால், வேலைக்குத் திரும்பும் முன்பே மனிதவளத் துறைக்கு எழுத்தில் கேளுங்கள். பலர் கேட்பதே இல்லை.

அங்கன்வாடியைச் சிலர் கேட்கிறார்கள். சத்துமாவு, எடை பார்த்தல், தடுப்பூசி நினைவூட்டல் ஆகியவற்றுக்கு அது நல்ல துணை. பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்வரை கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடமாக அதை எண்ண முடியாது.

## பாட்டி, தாத்தா

பிள்ளையின் மீதான பாசத்தில் பாட்டிக்கு ஈடு இல்லை. அதனால்தான் அவருடைய உடல்நிலையை நாம் கணக்கில் கொள்ள மறந்துவிடுகிறோம். ஏழெட்டுக் கிலோ குழந்தையை நாளுக்கு நூறு முறை தூக்கி இறக்குவது அறுபது வயது முதுகுக்குக் கடினம். ஊரில் தாத்தா தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கான பரிசோதனை தள்ளிப்போகும். கிரைப் வாட்டர், தேன், காதில் எண்ணெய் விடுவது போன்றவற்றில் வரும் கருத்து வேறுபாட்டை ஆயாவிடம் சொல்வதுபோல் மாமியாரிடம் சொல்ல முடியாது. அதைக் குழந்தை மருத்துவர் வாயால் சொல்ல வைப்பது நல்லது.

பாட்டியை வரவழைத்தால், துணிக்கும் பாத்திரத்துக்கும் தூக்குவதற்கும் ஓர் உதவியாளை அமர்த்தியே வரவழைக்க வேண்டும். இரண்டு பாட்டிகளும் மூன்று மூன்று மாதமாக மாறி வருவதும், மாலை ஆறு மணிக்குமேல் குழந்தை பெற்றோர் பொறுப்பு என்று வைப்பதும் பலனளிக்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பகல்நேர ஆயா | தங்கும் ஆயா | காப்பகம் | பாட்டி, உதவியாளுடன் |
|---|---|---|---|---|
| இரண்டாவது கண் | வீட்டில் பெரியவர் இருந்தால் மட்டும் | வீட்டில் பெரியவர் இருந்தால் மட்டும் | உண்டு | உண்டு |
| ஆள் வராத நாள் | அடிக்கடி நேரலாம் | குறைவு; ஊருக்குப் போனால் நீளும் | பண்டிகை, குழந்தைக்குக் காய்ச்சல் | பாட்டியின் உடல்நிலையைப் பொறுத்தது |
| தாய்ப்பால் | பிழிந்து வைக்க வேண்டும் | பிழிந்து வைக்க வேண்டும் | அலுவலகத்தில் இருந்தால் நேரடியாக | பிழிந்து வைக்க வேண்டும் |
| நோய்த்தொற்று | குறைவு. ஆயாவின் பரிசோதனை அவசியம் | குறைவு. ஆயாவின் பரிசோதனை அவசியம் | அதிகம் | குறைவு |
| மறைந்த செலவு | பெற்றோரின் விடுப்பு, போனஸ் | கமிஷன், முன்பணம், பயணம் | காய்ச்சல் நாட்கள், தாமதக் கட்டணம் | பாட்டியின் உடல்நலம், குடும்ப மனத்தாங்கல் |
| ஏற்ற வயது | நான்கு மாதம் முதல் | ஆறு மாதத்துக்குமேல் | அலுவலகக் காப்பகம் தவிர ஒன்பது மாதத்துக்குமேல் | எப்போதும் |

ஏற்ற வயது என்ற வரிசை என் கணிப்பு. சட்டமோ மருத்துவ விதியோ அன்று.

## யாருக்கு எது

பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க முடிந்தால், பகல்நேர ஆயாவும் பெரியவரும் சேர்ந்த ஏற்பாடே முதலிடம். பெரியவர் இல்லை, அலுவலகத்தில் நல்ல காப்பகம் இருக்கிறது என்றால் அதுவே அடுத்தது. பயண நேரத்தில் குழந்தை உங்களோடு இருக்கும் என்பதைச் சிரமமாக எண்ண வேண்டாம். இரண்டும் இல்லாதவர்கள், ஒரே குடியிருப்பில் வேறொரு குடும்பத்தோடு சேர்ந்து இரண்டு குழந்தைக்கு ஓர் ஆயாவை, ஒரு வீட்டுப் பெரியவரின் பார்வையில் வைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் சம்பளத்தை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றரை மடங்கேனும் கொடுப்பதுதான் நியாயம். எதுவும் அமையாத வீட்டில், பெற்றோர் இருவரும் வெவ்வேறு நேரப் பணி கேட்டு வாங்கி, குழந்தை ஒன்பது மாதம் ஆகும்வரை பொறுத்திருந்து காப்பகத்தைத் தேடுவது, அவசரத்தில் தங்கும் ஆளை அமர்த்துவதைவிட நல்லது. வேலை நேரம் இதற்கு இடம் கொடுக்காதவர்கள் தங்கும் ஆயாவோடு முதல் மூன்று மாதத்துக்கேனும் ஓர் உறவினரை வரவழைத்துக்கொள்ள வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், தாய் வேலைக்குத் திரும்பும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள். முதல் வாரம் தாய் அருகிலேயே இருந்து ஆயாவோ காப்பகமோ செய்வதைப் பார்க்கட்டும். இரண்டாம் வாரம் ஒரு மணி, மூன்று மணி, அரை நாள் என்று வெளியே போய் வரட்டும். தாய் திரும்பிய முதல் வாரத்தில் தந்தை தம் ஈட்டிய விடுப்பை எடுத்து வீட்டில் இருப்பது, நான் பார்த்தவரை, மிகுந்த பயன் தரும் ஒரு வாரம். தனியார் துறையில் தந்தையருக்கெனச் சட்டப்படி விடுப்பு இல்லாததால் பலர் தங்களிடம் உள்ள விடுப்பையெல்லாம் பிரசவ நாட்களிலேயே செலவழித்துவிடுகிறார்கள். அப்போது சுற்றத்தார் பலர் இருப்பார்கள். அதில் ஐந்தாறு நாளை மிச்சம் பிடித்து இந்த வாரத்துக்கு வையுங்கள்.